கோலம் இருந்தால் ஆள் இருக்கிறார்

எங்கள் தெருவில் குளிர்காலம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளக் காலண்டரைப் பார்க்க வேண்டாம். இருமல் ஆரம்பித்துவிடும். ஒக்கலிபுரத்தில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பவை. இந்த வீட்டில் ஒருத்தர் இருமினால் பக்கத்து வீட்டில் இருப்பவர் எழுந்து தண்ணீர் குடிப்பார். ரயில் நிலையத்து அறிவிப்பும் இருமலும் குக்கர் விசிலும் இல்லாத மார்கழிக் காலை ஒன்று எனக்கு ஞாபகமே இல்லை. நான் இந்தத் தெருவில் பிறந்தவள். கல்யாணம் ஆகியும் தெருவை விட்டுப் போகாதவள். எதிர் வரிசையிலேயே மாப்பிள்ளை கிடைத்துவிட்டார், என்ன செய்ய.

தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் சில பேர் உண்டு. பிள்ளைகள் அமெரிக்காவிலோ, போய்வர அதைவிட நேரம் பிடிக்கும், ஊரின் மறுகோடி எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இருப்பார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் தெருக்கோடி வீட்டில் ஒரு அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். கதவுப் பையில் பால் பாக்கெட்டுகள் சேர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் நான் காய் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். என்னைப் போலவேதான் எல்லாரும். தகனம் முடித்துத் திரும்பும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் எங்கள் சேவை ஆரம்பித்தது. ‘குளிர்காலச் சேவைக் குழு’ என்று பெயர் வைத்தவர் பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அவருக்கு எதற்கும் ஒரு பெயர் வேண்டும், அந்தப் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் வேண்டும். ஆனால் மனுஷர் நல்லவர். விஷயம் இவ்வளவுதான்: கார்த்திகை முடியும்போது ஆரம்பித்து சங்கராந்தி வரைக்கும், விடிந்தும் விடியாததுமாக, முறை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு ஃபிளாஸ்க் நிறைய சுக்குக் காப்பியோடு கிளம்புவார்கள். தனியாக இருப்பவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு டம்ளர் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசி, மருந்து கிருந்து வேண்டுமா என்று கேட்டுவிட்டு அடுத்த வீடு. சுக்கு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்பதில் எனக்கும் பேங்க்காரர் மனைவிக்கும் நடந்த சண்டையைத் தனியாக எழுதலாம். அவர் கன்னடத்துக்காரர். மிளகு காதில் வந்து நிற்க வேண்டும் அவருக்கு. பெரியவர்களுக்கு வயிறு எரியாதா என்று நான் கேட்டால், எரிந்தால்தான் குளிர் போகும் என்பார். கடைசியில் அவரவர் முறைக்கு அவரவர் காப்பி என்று ஆயிற்று.

எல்லாரும் கதவைத் திறந்தார்கள், ஒருத்தரைத் தவிர. அவரைத் தெருவே ‘சார்’ என்றுதான் கூப்பிடும். மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா அவர் ஆபீஸில் கீழே வேலை பார்த்தவர். அப்பா சார் என்று கூப்பிட, அம்மா சார் என்று சொல்ல, அவர் கையால் சாக்லேட் வாங்கித் தின்ற நானும் சார் என்றே பழகிவிட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார். மனைவி போய்ப் பல வருஷம். ஒரே மகள், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வேலை, அங்கேயே உயரமான அபார்ட்மென்ட் ஒன்றில் வீடு. அப்பாவை வரச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. இவர் அசையவில்லை. ஒரு மழைக்காலத்தில் காம்பவுண்டுக்குள் ஒரு தரம் வழுக்கி விழுந்தார். அப்போதுதான் மகள் கறாராகச் சொன்னாள்: இன்னொரு தரம் விழுந்தால் பேச்சே கிடையாது, மூட்டை கட்டிக்கொண்டு என்னோடு வரவேண்டும். சரி என்று அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் நடக்கும்போது பார்க்க வேண்டும், ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பார். அந்த வீட்டில்தான் கடைசி வரை இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் பாக்கி இல்லை. என்னிடமே சொல்லியிருக்கிறார்.

முதல் தடவை ஃபிளாஸ்க்கோடு போய்க் கதவைத் தட்டியது நான்தான். குளித்துப் பூஜை முடிக்காமல் யாருக்கும் கதவைத் திறக்கமாட்டாராம். ஜன்னலை மட்டும் திறந்து, கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ ஃபைலில் தப்புக் கண்டுபிடித்த பார்வை.

“காப்பி ஒரு சாக்கு. உயிரோட இருக்கேனான்னு பார்க்க வந்திருக்கே.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆமாம் சார், அதுக்குத்தான் வந்தேன், உங்களை எட்டிப் பார்க்க வேற யார் இருக்கா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி வாசலைக் காட்டினார். அங்கே ஒரு கோலம் இருந்தது.

மனைவி இருந்தவரை மார்கழியில் அந்த வாசலில் கோலம் தப்பாது. அவர் போன பிறகு சாரே போட ஆரம்பித்தார். ஆண்பிள்ளை, அதிலும் அவ்வளவு பெரிய ஆபீஸராக இருந்தவர், லுங்கியும் மஃப்ளருமாகக் குனிந்து கோலம் போடுவதைத் தெருவில் முதலில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. அவருக்குத் தெரிந்தது ஒரே கோலம். இரண்டு முக்கோணத்தை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ஒரு நட்சத்திரம். தினமும் அதேதான். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு நேராக இருக்கும், மற்றபடி அதில் அழகு கிழகு ஒன்றும் தேட முடியாது. என்ன சார் தினமும் கையெழுத்துப் போடறீங்களா என்று என் வீட்டுக்காரர் ஒரு தரம் கேலி செய்தார். ஆமாம், அட்டெண்டன்ஸ் என்றாராம்.

அன்றைக்கு ஜன்னல் வழியாக அவர் சொன்னது இதுதான்: “இதோ பாரும்மா. வாசல்ல கோலம் இருந்தா நான் இருக்கேன். இல்லைன்னா கதவை உடைச்சுக்கிட்டு வாங்க. நடுவில தட்டாதீங்க.”

குழுவில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. பேங்க்காரருக்கு இஷ்டமில்லை. விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். நான்தான் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினேன். தினமும் காலையில் தன் வீட்டுக் கதவைத் தட்டி ‘இருக்கீங்களா’ என்று கேட்பது அந்த மனுஷருக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிந்தது. கோலம் என்றால் அவர் மானமும் போகாது, எங்கள் மனசும் ஆறும். இப்படியே இரண்டு குளிர்காலம் ஓடியது. முறைக்காரர்கள் அவர் வாசலில் நிற்பார்கள், நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

மூன்றாவது மார்கழியில் எங்கள் மாடி அறைக்கு ஒரு பெண் குடிவந்திருந்தாள். தென்காசிப் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ராத்திரி ஷிஃப்ட். வேலை அங்கே, அறை ஏன் இங்கே என்று கேட்டால், ஊருக்கு ரயில் ஏற வசதி ஆன்ட்டி என்பாள். கம்பெனி கேப் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது இன்னும் இருட்டு பிரிந்திருக்காது. பகல் முழுக்கத் தூங்குவாள். எங்கள் குழு பேசுவதும் கூடுவதும் எல்லாம் அவள் தூங்கும் நேரத்தில். நாங்கள் சுக்குக் காப்பி கொடுப்பது அவளுக்குத் தெரியும், சாருக்கும் எங்களுக்கும் இருந்த ஏற்பாடு தெரியாது. யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கோலத்தில் அவள் கெட்டிக்காரி. எங்கள் வாசலில் லீவு நாட்களில் அவள் போடும் சிக்குக் கோலத்தைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்து வருவார்கள். புள்ளியைச் சுற்றிச் சுற்றி வளைத்துக்கொண்டே போய் ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பாள். எனக்கெல்லாம் அது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அன்றைக்கு நல்ல குளிர். மூடுபனியில் எதிர்வீட்டு மொட்டை மாடி தெரியவில்லை. நான் அவரேக்காய், அதாவது பச்சை மொச்சை, வாங்கக் கிளம்பினேன். வண்டிக்காரர் தெருமுனைக்கு வந்தாரென்றால் நல்ல மணமுள்ள காய் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். காலை முறை அன்றைக்குப் பேங்க்காரருக்கும் அவர் மனைவிக்கும். அவர்கள் சுற்றை முடித்துவிட்டு எல்லாரும் நலம் என்று குரூப்பில் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு கோலத்தின் படமும், கும்பிடும் கைகளும். அவசரத்தில் நான் படத்தைத் திறக்கவில்லை.

சார் வீட்டைத் தாண்டும்போது பார்த்தேன். வாசல் நிறையச் சிக்குக் கோலம். அப்படி ஒரு அழகு, கண்ணை எடுக்க முடியவில்லை. அட, சாருக்கு என்ன ஆச்சு என்று சிரித்துக்கொண்டே இரண்டு அடி போய்விட்டேன். போன கால் நின்றது. சாருக்கு நட்சத்திரத்தைத் தவிர வேறொன்றும் வராது. வளைவே வராது அவருக்கு. திரும்பிப் பார்த்தேன். கேட்டில் தொங்கிய பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. பேப்பர் சுருட்டின ரப்பர் பேண்டோடு படியில் கிடந்தது.

கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவை அறைந்தேன். சார் சார் என்று கத்தினேன். பதில் இல்லை. என் வீட்டுக்காரர் வந்தார், பேங்க்காரர் ஸ்வெட்டரை மாட்டியும் மாட்டாமலும் ஓடிவந்தார். கோலம் இருந்ததே, கோலம் இருந்ததே என்று அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பின்சந்து வழியாகப் போய்ச் சமையலறைக் கதவின் தாழ்ப்பாளை நெம்பித் திறந்தார்கள்.

குளியலறைப் பக்கத்து நடையில் சார் கிடந்தார். பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர், லுங்கியும் பனியனும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது விழுந்திருக்கிறார். எங்களுக்காகக் கோலம் போடக் கிளம்பியவர். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வீட்டில் இருந்த போர்வை, ரஜாய், என் சால்வை எல்லாவற்றையும் போட்டுச் சுற்றினோம். நான் அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று தெரியாது, திட்டிக்கொண்டே தேய்த்தேன் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு முறிவு என்றார்கள். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது, சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மகள் டிராஃபிக்கில் தவித்து மத்தியானம் வந்து சேர்ந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். சரி, வாக்குப்படி இனி அவர் வீடு போச்சு என்று எனக்குத் தோன்றியது. அவர் பிழைத்ததில் வந்த சந்தோஷம் அந்த நினைப்பில் பாதியாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாடிப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து கீழே வந்தபோது யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கண் வீங்கியிருந்தது. கேப்பிலிருந்து இறங்கி வந்தபோது அந்த ஒரு வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்ததாம். இந்தக் குளிரில் வயசானவர் குனிந்து போட வேண்டாமே, தூங்கட்டும் என்று இவளே தண்ணீர் தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்டிருக்கிறாள். காலையில் பார்த்து அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன் ஆன்ட்டி என்றாள். யார் உன்னைக் கேட்டார்கள் என்று என் வாய் வரைக்கும் வந்தது. வந்ததை நான் விழுங்கியது என் ஆயுசில் அன்றைக்கு ஒரு நாள்தான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சாதம் போட்டேன். அவளால் சாப்பிட முடியவில்லை.

குரூப்பில் அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. இனி எல்லாக் கதவையும் தட்ட வேண்டும் என்றார் ஒருத்தர். அடுத்தவர் வீட்டு வாசலில் யாரும் கோலம் போடக் கூடாது என்று இன்னொருத்தர் விதி எழுதினார். ஆள் முகத்தைப் படம் எடுத்துப் போடலாமே என்று ஒரு யோசனை. பேங்க்காரர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவர் வைத்த குரூப், அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் மனைவி என் சமையலறைக்கு வந்து, ‘எஷ்டு சென்னாகிதே’ என்று அந்தக் கோலத்தை ரசித்துப் படம் எடுத்தது தான்தான், எவ்வளவு அழகு என்று நின்று பார்த்தோம், கதவைப் பார்க்கவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானாக இருந்தாலும் ரசித்துவிட்டுப் போயிருப்பேன் என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, நிஜம்.

சாருக்குக் குரல் திரும்பிய பிறகு அந்தப் பெண் அவரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். கூட்டிக்கொண்டு போனேன். மகளும் அறையில் இருந்தாள். இவள் கட்டில் ஓரத்தில் நின்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றாள். சார் அவளை உட்காரச் சொன்னார். குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆபீஸில் நடந்ததை வரிசையாகச் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

“வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டுது. அப்பாடா, யாரோ வந்துட்டாங்கன்னு இருந்துது. கூப்பிட்டேன். எனக்கே கேக்கல. நீ போன்ல உங்கம்மாகிட்ட என்ன சமையல்னு கேட்டுக்கிட்டே பெருக்கினே. அப்புறம் போயிட்டே. கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு பேர் வந்தாங்க. கோலம் இருக்கு, சாருக்குக் கை திருந்திடுச்சுன்னு சிரிச்சாங்க. அவங்களும் போயிட்டாங்க.”

வெளியே ஆள் இருக்கிறது, சிரிக்கிறது, நலம் என்று சொல்கிறது. உள்ளே இவர் ஈரத்தில் கிடந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சார் நல்ல கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். உன் மேல தப்பு எதுவும் இல்லம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை. அவள் நம்பவில்லை என்பதைச் சாரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகி அவர் வீட்டுக்கு வந்தார். கட்டுப் போட்ட கையோடு இருக்கும் அப்பாவுக்காக மகள் லீவு போட்டுவிட்டு வந்து தங்கினாள். அந்தச் சில நாளில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மகளின் மனசு இளகிவிட்டது. எந்நேரமும் யாராவது வந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். ஒருத்தர் ரசம் கொண்டு வருவார், ஒருத்தர் பேப்பர் படித்துக் காட்டுவார், பேங்க்காரர் நடக்கக் கூட்டிப்போவார். கடைசியில் அவளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள், என் அபார்ட்மென்ட்டில் அப்பா விழுந்தால் நான் ஆபீஸிலிருந்து வரும்வரை யாருக்கும் தெரியாது அக்கா, இங்கே இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், அவர் ஆசைப்படி இங்கேயே இருக்கட்டும் என்று. ஒரு சாவி எங்களிடம் இருக்க வேண்டும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க வேண்டும், காலையும் மாலையும் நாங்கள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாக்கை அவளே தளர்த்திவிட்டாள், சாருக்கு வீடு திரும்பக் கிடைத்துவிட்டது. கம்பி வைக்க ஆளைக்கூட அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகள் கடைக்குப் போயிருந்தாள். நாற்காலியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பி ஆள் எப்போது வருகிறான் தெரியுமா என்று நான் ஆரம்பித்தேன். வர வேண்டாம்னு சொல்லிடு, நான் பொண்ணோட போறேன் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாள் பிடிவாதம் பிடித்தது எதற்கு, மகளே இருக்கச் சொல்லும்போது போகிறேன் என்றால் என்ன அர்த்தம், எங்கள் மேல் கோபமா, அப்படியென்றால் நேராகச் சொல்லுங்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“கோபம் இல்லம்மா. முன்னாடி நான் தனியா இருந்தேன். விழுந்தா விழுந்தேன், போனா போனேன். யாருக்கும் அதுல பாரம் இல்ல. இப்ப அப்படி இல்ல. அன்னிக்கு நான் போயிருந்தா அந்தப் பொண்ணு என்ன ஆயிருப்பா? இருபத்தி சொச்சம் வயசு. ஆயுசு பூரா அதைச் சுமப்பா. பேங்க்காரர் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறார், கவனிச்சியா? நான் உயிரோட இருக்கும்போதே இந்த நிலைமை.”

அதுக்குத்தானே சாவி, இனி அப்படி நடக்காது சார் என்றேன்.

“நடக்கும். நான் என்னைக்காவது ஒரு நாள் போகத்தானே போறேன். நீங்க வந்துட்டுப் போன பத்தாவது நிமிஷம் போவேன். இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்திருக்கலாமேன்னு அன்னிக்கு முறை யாருக்கோ அவங்க அழணும். என் பொண்ணுக்கு அந்தப் பாரம் உண்டு. அவ பொண்ணு, அது அவளுது. உங்களுக்கு எதுக்கு?”

அப்போது நாங்கள் வராமலேயே இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, அழுகைதான் பாக்கி இருந்தது.

“அப்படிச் சொல்லல. வந்தது தப்பே இல்ல. நீ வரலைன்னா நான் அன்னிக்கே முடிஞ்சிருப்பேன்.” கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நீங்க எல்லாம் பார்த்துக்க ஆரம்பிச்ச பிறகு இது நான் மட்டும் இருக்கிற வீடா இல்லைம்மா. எனக்கு வேணும்னு இருந்தது, நான் மட்டும் இருந்த அந்த வீடு.”

வாயாடி என்று பேரெடுத்த நான் எழுந்து போய் அவருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். குடித்தார். மகளிடம் இந்தக் காரணத்தைச் சொல்லாதே, குளிர் தாங்கலைன்னு மட்டும் சொல்லியிருக்கேன் என்றார். சரி என்றேன்.

சங்கராந்தி கழிந்த மறுநாள் கார் வந்தது. தெருவே வாசலில் நின்றது. பேங்க்காரர் மனைவி சங்கராந்திக்குக் கலந்த எள்ளு வெல்லம் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். பேங்க்காரர் பெட்டிகளை ஏற்றினார், ஏற்றிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். மாடிப் பெண் தூங்காமல் வந்து நின்றாள். சார் அவளிடம் ஏதோ சொன்னார், அவள் சிரிக்கப் பார்த்தாள். வீட்டைப் பூட்டும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கி, முன்சீட்டில் ஏறி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, முகத்தில் அத்தனை நிம்மதி. நான் இத்தனை வருஷம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் நடக்காதது உங்கள் சேவையால் நடந்திருக்கிறது அக்கா, அப்பா தானாகவே வருகிறேன் என்று சொல்லிவிட்டார், இதை நான் மறக்கவேமாட்டேன் என்றாள். கார் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. சாருக்குக் கேட்டிருக்கும். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“ரொம்ப நல்ல சேவை அக்கா. விட்டுடாதீங்க” என்றாள்.

விடமாட்டோம் என்று சொன்னேன்.